பீர்க்கன்கரணையில் உண்ணி எண்ணிய கதை

எனக்கு மாட்டுப் பொங்கல் பிடிக்காது. இதை வெளியில் சொன்னால் நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்பதால் ஐம்பது வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். மாட்டின் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. பொங்கலின் மேலும் இல்லை. கோபமெல்லாம் அந்தக் கொம்பில் அடிக்கிற பெயிண்ட் மேல்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது. விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, நகரத்துக்குள் இருந்த ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்தேன். வீடு மேற்குத் தாம்பரத்தில். அப்பா கணக்கு வாத்தியார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாம்பரத்தில் குடியேறி, பள்ளிக்கூடம், சர்ச், வீடு என்று மூன்று புள்ளிகளுக்குள் வாழ்ந்தவர். மூத்த மகள் கிரேஸ் ‘ரிசர்ச்’ செய்கிறாள் என்பதில் அவருக்குப் பெருமை இருந்தது. எதில் ரிசர்ச் என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

எதில் என்றால், மாட்டு உண்ணியில். மாட்டின் தோலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் பூச்சி. அது குடிப்பதோடு போனால் பரவாயில்லை, கடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி ஒன்றை ரத்தத்தில் ஏற்றிவிடும். அது சிவப்பணுவுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். கலப்பின மாட்டுக்கு இது வந்தால் காய்ச்சல் கொதிக்கும், மூத்திரம் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போகும், பல சமயம் மாடே போய்விடும். ஆனால் நம்மூர் நாட்டு மாடு அதே ஒட்டுண்ணியை ரத்தத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வைக்கோல் தின்றுகொண்டிருக்கும். ஏன்? பரம்பரையில் ஏதோ இருக்கிறது என்று நான் நம்பினேன். அதை நிரூபிக்க ஒரு வருஷத்துக்கு உதவித்தொகை கொடுத்திருந்தார்கள். வருஷ முடிவில் ஒரு கமிட்டி பார்த்துவிட்டு நீட்டிக்கும், அல்லது நிறுத்தும்.

அப்பாவும் தன் பங்குக்கு ஒரு கமிட்டியாக இருந்தார். “நீட்டிச்சாங்கன்னா படிச்சிக்கோம்மா, நான் குறுக்கே நிக்க மாட்டேன். நிறுத்திட்டாங்கன்னா பேசாம டீச்சர் ட்ரெய்னிங் சேர்ந்துடணும்” என்று சொல்லிவிட்டார். கணக்கு வாத்தியார் போட்ட கோடு, அழிக்க முடியாது. எனக்கோ வாத்தியார் வேலை என்றாலே வேப்பங்காய். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில்கூட விடைத்தாள் திருத்துவார்கள்.

பீர்க்கன்கரணை ஏரிக்கரையை ஒட்டிய ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்தேன். பதினெட்டு நாட்டு மாடுகள். ஒப்பிடுவதற்கு வேறொரு பால் பண்ணையில் அதே எண்ணிக்கையில் கலப்பின மாடுகள். வியாழக்கிழமைதோறும் தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, ஒவ்வொரு மாட்டின் மேலும் எத்தனை உண்ணி என்று எண்ண வேண்டும். மாதம் ஒரு தடவை காது நரம்பில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் தடவி எடுத்து வர வேண்டும். எண்ணும்போது சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மாட்டின் அடிவயிற்றுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்திருப்பேன். (பெண் பார்க்க வந்த ஒருவர் பஸ்ஸிலிருந்து இதைப் பார்த்துவிட்டு அப்படியே செங்கல்பட்டு வரை போய்விட்டதாக எங்கள் சர்ச்சில் ஒரு வதந்தி உண்டு.)

முதல் தகராறு அடையாளத்தில் வந்தது. எது எந்த மாடு என்று தெரிய வேண்டுமே? முறைப்படி காதில் ஓட்டை போட்டு உலோக வில்லை மாட்ட வேண்டும். வில்லைகளோடு போய் நின்றேன். அந்தத் தெருவில் எல்லாருக்கும் பேசுகிறவர் ஏகாம்பரம். நாலு மாடு வைத்திருந்தார். வில்லையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, காதுல ஓட்ட போடணும்ன்றே? காது குத்தறதுன்னா தாய்மாமன் மடியில வச்சு குத்தணும். எங்க மாட்டுக்கு மாமன் யாருன்னு நான் எங்க போயி தேடிகினு கீறது?”

தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் சிரிக்கக் கூடாது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். மாறாக, பரம்பரை அட்டவணையை எடுத்து அடுத்த கேள்வியைக் கேட்டேன்: “சரி, இந்த மாட்டுக்கு அப்பா யார்?”

“மாமனே தெரியலன்றேன், அப்பனக் கேக்கறியே!” என்றார் ஏகாம்பரம்.

கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். காது வேண்டாம், கொம்பில் எழுதிவிடலாம். ஒரு டப்பா சிவப்பு எனாமல் பெயிண்ட் வாங்கி, ஒன்றிலிருந்து பதினெட்டு வரை கொம்பில் நம்பர் போட்டேன். ஏகாம்பரத்தின் மனைவி பட்டம்மா பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். ஒவ்வொரு மாட்டின் பெயரையும் ஆசையாகச் சொன்னார்.

“இவ லச்சுமி. இது சுட்டி. தோ, அதுவும் லச்சுமி. எதிர் வூட்டு லச்சுமி. பேர எழுதிக்க டாக்டரம்மா.”

“பேர் வேண்டாங்க, நம்பர் போதும்” என்றேன். விஞ்ஞானத்தில் லட்சுமி கிடையாது. அதுவும் ஒரே தெருவில் நாலு லட்சுமி. நோட்டுப் புத்தகத்தில் ஒரு பெயர்கூட எழுதவில்லை. அன்றைக்கு எனக்கிருந்த திமிருக்கு என்னை ஏரியில் தள்ளியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முதல் வாரம் எண்ணியபோது உண்ணி நிறையவே இருந்தது. எனக்கு ஒரே உற்சாகம். ஒவ்வொரு மாட்டுக்கும் எண்ணிக்கையை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினேன். அடுத்த வாரம் எண்ணிக்கை பாதியாகிவிட்டது. அதற்கடுத்த வாரம் இன்னும் குறைந்தது. மூன்றாவது மாதத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். பண்ணை மாடுகளிலோ உண்ணி அப்பிக்கிடந்தது. நான் ஒரு வரைபடம் போட்டேன். கோடு மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு இறங்கிய அழகைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. முதல் வாரத்துப் பெரிய எண்கள் மட்டும் கொஞ்சம் உறுத்தின. அவற்றை ‘பழக்கமின்மையால் நேர்ந்த பிழை’ என்று சொல்லி அடித்துவிட்டேன். (அந்த ஒரு வருஷத்தில் நான் எடுத்த சரியான கணக்கு அது ஒன்றுதான்.)

இன்னொரு கண்டுபிடிப்பும் செய்தேன். இந்த மாடுகளின் தோலில் லேசாக ஒரு கசந்த வாசனை வந்தது. பண்ணை மாடுகளில் அது இல்லை. நாட்டு மாட்டின் தோல் இயற்கையாகவே ஏதோ ஓர் எண்ணெயைச் சுரக்கிறது, அதுதான் உண்ணியை விரட்டுகிறது என்று இரண்டு பக்கம் எழுதினேன். எங்கள் புரொஃபசர் அதைப் படித்துவிட்டு, “மிஸ் கிரேஸ், இது பெரிய விஷயமா வரலாம்” என்றார். அன்று மாம்பலத்திலிருந்து தாம்பரம் வரை ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். உட்காரத் தோன்றவில்லை.

ஜனவரி வந்தது. பொங்கல் விடுமுறைக்கு, சித்தி மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனோம். மாட்டுப் பொங்கல் என்பது எனக்குக் காலண்டரில் ஒரு சிவப்பு எண், அவ்வளவுதான். அன்றைக்கு லீவு. ஏன் லீவு, யாருக்கு விசேஷம், அந்த விசேஷத்தில் என்ன செய்வார்கள் என்றெல்லாம் மாட்டையே ஆராய்ச்சி செய்கிற எனக்குத் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவள் நான்! வெள்ளைக்காரி ஒருத்தி இந்தத் தவறைச் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

கல்யாணம் முடிந்து விடியற்காலையில் தாம்பரத்தில் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால், வாசற்கதவில் ஒரு சீட்டு செருகியிருந்தது. புரொஃபசர் ஆள் விட்டு அனுப்பியிருந்தார். கமிட்டி அன்றைக்கே பத்து மணிக்கு பீர்க்கன்கரணைக்கு வருகிறதாம், நேரில் பார்க்க வேண்டுமாம். அப்பா சீட்டை இரண்டு தடவை படித்தார். “தைரியமா பேசு” என்று மட்டும் சொன்னார். டீச்சர் ட்ரெய்னிங் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

குளித்து, புடவை மாற்றி, நோட்டு, வரைபடம், ஸ்லைடு பெட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றபோது ஜீப்பே வந்துவிட்டது. உள்ளே புரொஃபசரும் கமிட்டியின் மூன்று பேரும். கமிட்டித் தலைவர் வெளிநாட்டு மாடுகளின் பரம பக்தர். ஜெர்சி என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் தழுதழுக்கும். என்னைப் பார்த்து, “நாட்டு மாடு ஆராய்ச்சி நீதானாம்மா?” என்றார். ‘வேலை வெட்டி இல்லாதது நீதானாம்மா?’ என்று என் காதில் விழுந்தது.

ஜீப் தெருமுனையில் திரும்பியது. நான் பார்த்தேன்.

என் பதினெட்டு மாடு. முப்பத்தாறு கொம்பு. ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். ஒன்றுக்கு வலது கொம்பு ஒரு நிறம், இடது கொம்பு ஒரு நிறம். ஏகாம்பரம் தன் மாடுகளுக்குத் தன் கட்சிக் கொடியையே அடித்திருந்தார். கொம்பைச் சுரண்டி, சீவி, மழமழவென்று தேய்த்து, அதன் மேல் இரண்டு பூச்சு. என் நம்பர்களில் ஒரு சுழிகூட மிச்சமில்லை.

“டாக்டரம்மா! இன்னா, பொங்கலுக்கு ஆளக் காணோம்?” என்று ஏகாம்பரம் ஓடி வந்தார். “பார்த்தியா, உன் நம்பரு அசிங்கமா உரிஞ்சிகினு இருந்திச்சு. நானே கைக்காசு போட்டு நல்ல பெயிண்ட்டா அடிச்சுட்டேன்.”

கமிட்டித் தலைவர் என் ஸ்லைடுக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். “ஏழாம் நம்பர் மாட்டு ரத்தத்துல ஒட்டுண்ணி ஏராளம்னு எழுதியிருக்கே. ஆனா மாடு நோய் நொடி இல்லாம இருக்குன்னும் எழுதியிருக்கே. உன் ஆராய்ச்சிக்கு உயிரே இதுதான். எங்கே, அந்த ஏழாம் நம்பரைக் காட்டு, பார்க்கலாம்.”

கேள்வி நியாயமானதுதான். அதனால்தான் எனக்கு அவர் மேல் அவ்வளவு ஆத்திரம். ஏகாம்பரத்தைத் தனியாக இழுத்துப் போய், “அந்த ஏழு எது?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“ஏழா? எனக்கு நம்பரு தெரியாதும்மா. பேரச் சொல்லு, அவுத்துகினு வரேன்.”

“பேர் தெரியாது.”

“பேரு தெரியாம எப்படி மாட்டப் புடிக்கறது?” என்றார் அவர், உண்மையான அனுதாபத்தோடு.

அப்போது நான் செய்ததை இன்றைக்கும் நினைத்தால் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றும். ‘குழப்பமாகிவிட்டது’ என்று நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிமிர்ந்து நின்று, ஓரமாகக் கட்டியிருந்த ஒரு கொழுத்த செவலை மாட்டைக் காட்டி, “அதோ, அதுதான் சார் ஏழு” என்றேன்.

“அதுவா?” என்றார் ஏகாம்பரம், தலைவர் காதில் விழும்படி. “அது முந்தாநேத்துதானேம்மா படப்பையில வாங்கிகினு வந்தது!”

புரொஃபசர் ஏரியைப் பார்க்க ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் அந்த ஏரியில் அவருக்கு என்ன தெரிந்ததோ, எனக்குத் தெரியாது.

நான் விடவில்லை. ரத்தம் போனால் போகட்டும், வரைபடம் இருக்கிறதே! அதை விரித்தேன். உண்ணி குறைந்துகொண்டே வந்ததைக் காட்டினேன். தோலின் இயற்கையான கசப்பு வாசனையைப் பற்றிச் சொன்னேன். வேண்டுமானால் முகர்ந்து பாருங்கள் என்று தலைவரைக் கூப்பிட்டேன். அவரும் பாவம், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு லட்சுமியின் முதுகில் மூக்கை வைத்தார்.

“புங்க எண்ண வாசன வருதே” என்றார்.

(வேப்பெண்ணெயாக இருந்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். தாம்பரத்தில் வாத்தியார் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குப் புங்க எண்ணெய் எப்படித் தெரியும்?)

“ஆமாங்கய்யா, புங்க எண்ணதான்” என்று பட்டம்மா பெருமையாக முன்னால் வந்தார். “புதன்கிழம புதன்கிழம தடவிடுவோம். அதுக்கு முன்ன ஒக்காந்து ஒண்ணு விடாம உண்ணியெல்லாம் பொறுக்கிடுவோம். வியாழக்கிழம டாக்டரம்மா வருவாங்களே!”

“ஏன்? ஏன் பொறுக்கினீங்க? யார் பொறுக்கச் சொன்னாங்க?” என்று கத்தினேன்.

பட்டம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “நீதானம்மா மொத வாரம் வந்து, எதிர் வூட்டு மாட்டுக்கு ஒம்போது, எங்க மாட்டுக்கு நாப்பத்தி மூணுன்னு தெருவுக்கே கேக்க சொன்னே? மானமே போச்சு. அப்பறம் எல்லா வூட்டுலயும் பொறுக்க ஆரம்பிச்சாங்க. நாங்க மட்டும் விடுவோமா? நீயும் வாரா வாரம் கொறஞ்சிகினே வருதுன்னு எவ்ளோ சந்தோஷப்பட்டே! உனக்கும் நல்ல பேரு கெடைக்கும்னுதான செஞ்சோம்!”

நான் மார்க் போடுகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். வாத்தியார் வேலை வேண்டாம் என்று ஓடி வந்தவள், ஒரு தெருவுக்கே பரீட்சை வைத்திருக்கிறேன். மாடுகளெல்லாம் வாரா வாரம் படித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கின்றன.

கமிட்டித் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “உண்ணி இல்லேன்னா காய்ச்சல் இல்லை. இதுல பரம்பரை எங்கேம்மா வந்தது? இந்த அம்மாவோட நகம்தான் இருக்கு.”

“சார், ரத்தத்தில் ஒட்டுண்ணி இருக்கு சார்! ஸ்லைடு இருக்கு! ரத்தத்தை யாரும் பொறுக்க முடியாது!” என்றேன். அது உண்மை. அன்றைக்கு நான் பேசியதில் ஒரே உண்மை. கடைசியாக எடுத்த பதினெட்டு ஸ்லைடுகளில் பதினொன்றில் ஒட்டுண்ணி தெளிவாக இருந்தது, அந்தத் தெருவில் ஒரு மாடுகூடப் படுக்கவில்லை. நான் நினைத்தது சரி! ஆனால் எந்த ரத்தம் எந்த மாட்டுடையது என்று கேட்டால் சொல்ல வழியில்லை. தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

எல்லாருக்கும் மோர் கொடுத்தார்கள். கமிட்டி குடித்தது. நான் குடிக்கவில்லை. ஜீப் புறப்படும்போது பட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாசா டாக்டரம்மா?” என்று கேட்டார். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அந்த விரல் நுனிகளெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருந்தன. என் பேரைக் காப்பாற்றுவதற்காக ஒரு வருஷம் உண்ணி நசுக்கிய விரல்கள். “பாஸ்தான் பட்டம்மா” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி, தாம்பரம் வரும்வரை அழுதேன். ஒரு மனுஷியைத் திட்டக்கூட வழியில்லாமல் போனால் ஆத்திரத்தை எங்கே கொண்டு போய் இறக்குவது?

‘களப்பணியில் ஒழுங்கு போதாது’ என்று ஒரே வரியில் உதவித்தொகையை நிறுத்தினார்கள். அதைக் கலப்பின மாட்டு ஆராய்ச்சி ஒன்றுக்குக் கொடுத்தார்கள். நான் டீச்சர் ட்ரெய்னிங் முடித்து, முப்பத்து மூன்று வருஷம் பெண் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தினேன். சாப்பாட்டு மேஜையில் விடைத்தாளும் திருத்தினேன். இப்போது பேப்பரைத் திறந்தால் நாட்டு மாட்டுக்கு நோய் தாங்கும் சக்தி பரம்பரையிலேயே இருக்கிறது என்று ஆளாளுக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பேப்பரை மடித்து வீசுவேன். வீட்டில் யாராவது எடுத்து நீவி வைப்பார்கள்.

வீட்டில் இதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை இதுதான்: விருந்தாளி வருவதற்கு முன்னால் வீடு சுத்தம் செய்வதற்கு எங்கள் குடும்பத்தில் ‘உண்ணி பொறுக்குவது’ என்று பெயர். என் மகள் பள்ளி இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் உண்ணி பொறுக்குவாள். மருமகன் ஆபீஸ் ஆடிட்டுக்கு முன்னால் உண்ணி பொறுக்குவார். கல்யாணமாகி வந்த மறுநாளே அவருக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள்.

போன மாதம் சர்க்கரை பரிசோதனைக்குப் போயிருந்தோம். டாக்டர் சின்னப் பெண். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “பிரமாதம் ஆன்ட்டி! இந்த வயசுல இவ்வளவு கன்ட்ரோலா? உங்க பரம்பரையே அப்படியா?” என்றாள்.

நான் அடக்கமாகப் புன்னகை செய்வதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். “பரம்பரை எல்லாம் இல்லை டாக்டர். டெஸ்ட்டுக்கு நாலு நாள் முன்னாலேருந்தே உண்ணி பொறுக்கிட்டா.”

நான் ஒன்றும் பொறுக்கவில்லை. நாலு நாள் இனிப்பைத் தொடவில்லை, ராத்திரி சோற்றுக்குப் பதில் கோதுமை ரவைக் கஞ்சி குடித்தேன், அவ்வளவுதான். அந்த டாக்டர் பெண் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறாள், அவளுக்கும் ஒரு நல்ல பேர் வரட்டுமே என்றுதான்.